திரும்பி வருவீங்களா?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அபார்ட்மெண்ட்டின் இரண்டாவது மாடிக்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். பையனுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்துவிட்டதாம். டெக்சாஸ் பக்கம் ஏதோ ஒரு யுனிவர்சிட்டி. நான் மைசூர்பாவை வாயில் போட்டுக்கொள்ளும் வரை காத்திருந்துவிட்டு, வந்த விஷயத்தை மெல்ல எடுத்தார்.

“ஒரே ஒரு டவுட்டு சார். படிச்சு முடிச்சா அஞ்சு வருஷத்துல சிட்டிசன் ஆயிடலாம்னு கன்சல்டன்சில சொல்றாங்க. நெஜம்தானா? நீங்க இதெல்லாம் விசாரிச்சு வெச்சிருப்பீங்களே...”

மைசூர்பா தொண்டையில் நின்றது. ஏனென்றால், இதே வசனத்தை நானே ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறேன். 2008-ல், என் அக்காவிடம்.

அக்காவுக்கு ஒரே பையன். அத்திம்பேர் முன்பே போய்விட்டார். பையன் ஆகஸ்ட் மாதம் விமானம் ஏறியபோது, மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடி அக்கா கேட்டாள்: “எப்படா திரும்பி வருவான்?” நான் பெரிய விவரஸ்தன் மாதிரி சொன்னேன்: “அஞ்சு வருஷத்துல அந்த ஊர் சிட்டிசன் ஆயிடுவான்க்கா. அப்புறம் என்ன, நெனைச்சா வரலாம், நெனைச்சா போகலாம்.”

இதில் இரண்டாவது பாதி சரி. முதல் பாதி சுத்தத் தப்பு. அந்தத் தப்புக்கு விலை கொடுத்தவள் அக்கா. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த ‘அஞ்சு வருஷம்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம்.

படிக்கப் போன நாட்டில் குடிமகனாவது ஒரு கதவைத் திறக்கிற சமாச்சாரம் இல்லை. நாலு படி. மாணவன், வேலைக்காரன், நிரந்தரவாசி, குடிமகன். ஒரு படியில் ஏறிவிட்டதாலேயே அடுத்த படி தானாகக் காலடிக்கு வந்துவிடாது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி மனு, தனிக் காத்திருப்பு.

அமெரிக்காவில் வேடிக்கை முதல் படியிலேயே ஆரம்பிக்கிறது. மாணவர் விசாவுக்கு எஃப்-1 என்று பெயர். அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ‘விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் இங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்; இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு’ என்பது அதன் சாரம். அதாவது, ‘படித்து முடித்ததும் ஊர் திரும்புவேன்’ என்று நம்பவைத்தால்தான் படிக்கவே விடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மணி, அக்கா மகனிடம் கேட்டதும் இதைத்தான்: “திரும்பி வருவீங்களா?” இவன், “கண்டிப்பா. எங்கம்மா தனியா இருக்காங்க” என்றான். அது பொய் இல்லை. அன்றைக்கு அவன் மனதில் இருந்தது அதுதான்.

படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்று 12 மாதம் வேலை பார்க்க அனுமதி கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பம், என்ஜினீயரிங், கணிதம் படித்தவர்களுக்கு மேற்கொண்டு 24 மாதம். அதற்குள் ஒரு கம்பெனி இவனுக்காக எச்-1பி விசாவுக்கு மனு போட வேண்டும். வருஷத்துக்கு 65,000 இடம். அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. உலகம் முழுவதற்கும் சேர்த்து இவ்வளவுதான். அக்கா மகன் எச்-1பி வாங்கிய 2011-ல் குலுக்கல் தேவைப்படவில்லை. மாதக்கணக்கில் இடம் காலியாகக் கிடந்தது. பிறகு வந்த வருஷங்களில் மனுக்கள் குவிந்து, யாருக்குக் கிடைக்கும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிற நிலைமை வந்துவிட்டது. நன்றாகப் படித்தவன், நன்றாக வேலை செய்கிறவன், கம்பெனிக்கும் பிடித்தவன், ஆனாலும் பெயர் விழாததால் பெட்டி கட்டியவன் என்று எனக்கே மூன்று பேரைத் தெரியும்.

மூன்றாவது படி க்ரீன் கார்டு. நிரந்தரமாக வசிக்கும் உரிமை. அதைக் கையில் வாங்கிய நாளிலிருந்துதான் நாம் சொல்கிற ‘அஞ்சு வருஷம்’ ஆரம்பமாகிறது! அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ கல்யாணம் செய்துகொண்டு சேர்ந்து வாழ்ந்தால் அது மூன்று வருஷம். அந்த ஐந்து வருஷத்திலும் குறைந்தது பாதி நாளாவது உள்நாட்டில் இருந்திருக்க வேண்டும். மாணவனாக இருந்த காலம்? சேராது. எச்-1பி-யில் உழைத்து வரி கட்டிய காலம்? அதுவும் சேராது. கன்சல்டன்சிக்காரர் பொய் சொல்லவில்லை. கணக்கை எங்கே ஆரம்பிப்பது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். 2008-ல் நான் விட்ட மாதிரியே.

சரி, க்ரீன் கார்டு எப்போது கிடைக்கும்? அது நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்கே படித்தீர்கள், என்ன படித்தீர்கள் என்பதையெல்லாம் விட இதுதான் பெரிய விஷயம்.

அக்கா மகனோடு ஒரே வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பையன் படித்தான். ஒரே அறையில் தங்கி, ஒரே குக்கரில் சாம்பார் வைத்தவர்கள். அவன் பிறந்தது யாழ்ப்பாணத்தில், இவன் பிறந்தது மதுரையில். ஒரே மாதிரி வேலை, ஏறக்குறைய ஒரே சம்பளம். அவனுக்கு 2014-ல் கம்பெனி மனு போட்டது, 2016-ல் கார்டு வந்தது, 2021-ல் குடிமகனாகக் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்துக்கொண்டான். இவனுக்கு 2015-ல் மனு போட்டார்கள். பத்து வருஷம் தாண்டியாயிற்று. இன்னும் வரிசையில்தான் நிற்கிறான்.

காரணம் எளிமையானது. வேலையின் அடிப்படையில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 க்ரீன் கார்டு. மனைவி, குழந்தைகளும் இந்த எண்ணிக்கைக்குள்தான் அடக்கம். இதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது. 1990-ல் போட்ட சட்டம். ஐஸ்லாந்துக்கும் அதே உச்சவரம்பு, இந்தியாவுக்கும் அதே உச்சவரம்பு. வேறு நாடுகள் பயன்படுத்தாமல் மிச்சம் வைத்தால்தான் நமக்குக் கொஞ்சம் கூடும். நம் ஊரிலிருந்து போகிற கூட்டமோ உங்களுக்கே தெரியும். ரேஷன் கடையில் தெருவுக்குப் பத்து கிலோ என்று அளந்தால் பெரிய தெருக்காரன் கதி என்ன ஆகும்? அதுதான். வரிசையில் நிற்கிறவன் பட்டினி கிடக்க வேண்டாம் என்று எச்-1பி-யை மூன்று மூன்று வருஷமாக நீட்டித் தருகிறார்கள். இதில் உச்சகட்டம் என்னவென்றால், 2013-ல் அங்கே பிறந்த அவன் மகள் பிறந்த நிமிஷத்திலேயே அமெரிக்கக் குடிமகள்! அவளுக்கு 21 வயதானால் அப்பாவுக்காக அவளே மனு போடலாம். ‘வரிசை நகர்றதா, இவ வளர்றாளா, எது முந்தும்னு பார்க்கறேன் மாமா’ என்பான், சிரித்துக்கொண்டே.

இந்தக் காத்திருப்பு இன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. தலீப் சிங் சவுந்த் என்ற பஞ்சாபி இளைஞர் 1920-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். 1924-ல் கணிதத்தில் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். ஆனால், அதற்கு முந்தைய வருஷம்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் என்பவர் வழக்கில், இந்தியர்கள் ‘வெள்ளையர்’ அல்ல, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்திருந்தது. (திண்டும் பெர்க்லிக்குப் படிக்கப் போனவர். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்!) குடிமகனாக முடியாதவர் கலிபோர்னியாவில் நிலம் வாங்கவும் முடியாது. கணித டாக்டர் குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் பார்த்தார். சட்டத்தை மாற்றக் கோரி மற்ற இந்தியர்களோடு சேர்ந்து போராடினார். 1946-ல் சட்டம் மாறியது. 1949-ல் சவுந்த் குடிமகனானார். 1956-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். மாணவனாகப் போய் குடிமகனாக, 29 வருஷம்.

எல்லா நாடும் இப்படித்தானா என்று கேட்பீர்கள். இல்லை. படிப்புக் காலத்தைக் கணக்கில் சேர்க்கும் விதத்தில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நாலு வருஷம் முறையான விசாவில் வாழ்ந்திருக்க வேண்டும். அதில் கடைசி 12 மாதமாவது நிரந்தரவாசியாக, அதாவது பி.ஆர். வாங்கி, இருந்திருக்க வேண்டும். மிச்ச மூன்று வருஷத்தில் மாணவர் விசாவில் கழித்த நாட்களும் சேரும். என் சிநேகிதர் ஒருவரின் மகள் 2013-ல் மெல்போர்னுக்குப் படிக்கப் போனாள். படிப்பு, அப்புறம் வேலை தேடும் விசா, 2017-ல் பி.ஆர்., 2020-ல் குடியுரிமை. கொரோனா காலமானதால் உறுதிமொழி வீடியோவில்! இங்கே தஞ்சாவூரில் அப்பாவும் அம்மாவும் போனில் பார்த்தார்கள்.

கனடாவில் ஐந்து வருஷத்துக்குள் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். மாணவராக இருந்த ஒரு நாளை அரை நாளாக எடுத்துக்கொள்வார்கள். அப்படி அதிகபட்சம் 365 நாள் வரை சேர்க்கலாம். மீதி பி.ஆர். வாங்கிய பிறகு. இந்த அரை நாள் சலுகையை 2015-ல் எடுத்துவிட்டார்கள். 2017-ல் திருப்பிக் கொடுத்தார்கள். இடையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். 2024-லிருந்து மாணவர்களின் எண்ணிக்கைக்கே அங்கே உச்சவரம்பு வைத்துவிட்டார்கள்.

ஜெர்மனியில் 2024-ல் காத்திருப்பை எட்டு வருஷத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். நன்றாக வேரூன்றியவர்களுக்கு மூன்றே வருஷம் என்றும் ஒரு வழி வைத்தார்கள். 2025-ல் அந்த மூன்றை ரத்து செய்துவிட்டார்கள். படிப்பு முடித்தவர்கள் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். மாணவர் அனுமதியிலேயே இருந்துகொண்டு குடியுரிமை கேட்க முடியாது. வேலைக்கு வந்து, சொந்தக் காலில் நிற்பதைக் காட்டி, ஓரளவு ஜெர்மன் மொழி பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே போனாலும் கடைசியில் ஒரு பரீட்சை உண்டு. அந்த நாட்டுச் சரித்திரம், அரசியல் சாசனம், உரிமைகள், கடமைகள். அமெரிக்காவில் 2025 அக்டோபரிலிருந்து புதுப் பரீட்சை: 128 கேள்விகளைப் படித்துக்கொள்ள வேண்டும், 20 கேட்பார்கள், 12 சரியாகச் சொன்னால் பாஸ். ஆஸ்திரேலியாவில் 20-க்கு 15. அதில் அந்த நாட்டின் விழுமியங்கள் பற்றிய ஐந்து கேள்வியில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. நம் பிள்ளைகளுக்குப் பரீட்சையா பெரிய விஷயம்? எல்.கே.ஜி-யிலிருந்து எழுதுகிறவர்கள் ஆயிற்றே.

பெரிய விஷயம் அதற்கு அடுத்து வருவது. அந்த நாட்டுக் குடியுரிமை கையில் வந்த நொடியிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். 1955-ம் வருஷக் குடியுரிமைச் சட்டம், 9-வது பிரிவு. ஜெர்மனி, ‘ரெண்டையும் வெச்சுக்கோ’ என்று பெருந்தன்மையாகச் சொன்னாலும் நம் ஊர்ச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். அதற்குப் பதிலாக ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம். ஆயுளுக்கும் விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது. அரசு வேலை கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது.

மெல்போர்ன் பெண்ணின் அப்பாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் நாலு ஏக்கர் நஞ்சை. மகள் பெயரில் இப்போதே எழுதி வைத்துவிடலாம் என்று போனவரை வக்கீல் உட்காரவைத்துச் சொன்னார்: “அன்பளிப்பா விவசாய நிலத்தைக் கொடுக்க முடியாது சார். உங்க காலத்துக்கு அப்புறம் வாரிசா அவங்களுக்கு வரலாம்.” வீட்டுக்கு வந்து சிநேகிதர் என்னிடம் சொன்னது இது: “என் பொண்ணு என் நெலத்துக்கு வரணும்னா நான் போகணுமாம்யா.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்று எனக்கு சவுந்த் ஞாபகம் வந்தது. குடிமகனாக முடியாததால் அங்கே நிலம் வாங்க முடியாமல் போனவர் அவர். குடிமகளானதால் இங்கே நிலம் வாங்க முடியாதவள் இவள்.

இவ்வளவு இழப்பு இருந்தும் ஏன் எல்லோரும் அதற்குத் தவம் கிடக்கிறார்கள்? பணம், வசதி, குழந்தைகள் படிப்பு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2021 ஜூன் மாதம் என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

இரண்டாவது அலையில் அக்காவை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அக்கா மகனுக்கு அங்கே வேலை பார்க்கிற அனுமதி செல்லும். ஆனால் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை 2019-லேயே காலாவதி ஆகியிருந்தது. அங்கேயே இருக்கிற வரை அதனால் தொந்தரவு இல்லை. வெளியே வந்தால், மறுபடி உள்ளே போக இங்கே புது முத்திரை வாங்க வேண்டும். இங்கேயோ கொரோனாவால் விசா நேர்முகங்கள் நின்று போயிருந்தன. எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாட்டிக்கொள்வான். வேலை போனால் அத்தனை வருஷ வரிசையும் ஆட்டம் காணும். அங்கே மனைவி, எட்டு வயதுப் பெண், வீட்டுக் கடன். அவன் மகள் எந்த நேரமும் அமெரிக்காவுக்குள் நுழையலாம், அவள் குடிமகள். யாழ்ப்பாணத்து நண்பனும் நுழையலாம். இவன் முடியாது.

ராத்திரி ஒரு மணிக்குப் போன் செய்வான். “மாமா, நான் வரட்டுமா?” என்பான். என்ன சொல்வது? ‘வாடா’ என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை, ‘வராதே’ என்று சொல்லும் தைரியமும் இல்லை. அக்கா நினைவோடு இருந்த கடைசி நாளில் கேட்டாள்: “அவன் சிட்டிசன் ஆயிட்டானாடா? வருவானா?” பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னதை அவள் மறக்கவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

அவன் வைக்க வேண்டிய கொள்ளியை அவன் சார்பில் நான் வைத்தேன். அவன் போனில் பார்த்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து, 2022 டிசம்பரில் வந்தான். முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவதற்கு முதல் நாள் அக்காவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: “அமெரிக்க சிட்டிசன்ஷிப் அங்க இருக்கறதுக்குன்னு நெனைச்சுட்டிருந்தேன் மாமா. அது இங்க வர்றதுக்கு.”

இத்தனையும் இரண்டாவது மாடிக்காரரிடம் சொல்லி முடித்தபோது காபி ஆறிப் போயிருந்தது. பாவம், நல்ல சேதி சொல்ல வந்த மனிதர். கொஞ்ச நேரம் ஸ்வீட் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ அனுப்பலாமா, வேணாமா சார்?”

“தாராளமா அனுப்புங்க. நல்ல படிப்பு, நல்ல புள்ள. ஆனா கன்சல்டன்சில போய் நாலு கேள்வி கேளுங்க. படிக்கிற நாள் கணக்குல சேருமா? படிப்பு முடிஞ்சு வேலை தேட எத்தனை மாசம்? பி.ஆர். எதை வெச்சுத் தர்றான், அதுக்கு நம்ம ஊர்ல பொறந்தவனுக்கு எத்தனை வருஷ வரிசை? நடுவுல அவசரம்னா ஊருக்கு வந்துட்டு மறுபடி உள்ளே போக என்ன காகிதம் வேணும்? இதுக்குப் பதில் தெரிஞ்சுக்கிட்டு அனுப்புங்க. சட்டம் மாறும், அப்பப்ப திரும்பக் கேட்டுக்கணும். பையன்கிட்டயும் சொல்லுங்க, பாஸ்போர்ட்ல முத்திரை செத்துப்போக விடாதேன்னு.”

தலையாட்டிக்கொண்டே எழுந்தார். வாசல் வரை போனவரை மறுபடி கூப்பிட்டேன்.

“இன்னொண்ணு சார். அஞ்சு வருஷம்னு மட்டும் அவங்க அம்மாகிட்ட சொல்லாதீங்க.”